புள்ளியின் உயரம், கழுத்தின் கணக்கு

"அங்கிள், 1.57 வாங்கவா, 1.93 வாங்கவா?"

நண்பரின் மகன். டல்லாஸ் பக்கம் மென்பொருள் வேலை. போன வருடம் ஒரு ஏஆர்-15 ரைஃபிள் வாங்கினான். சனிக்கிழமை காலைகளில் ரேஞ்சுக்குப் போய் அட்டை சுடுகிறான், இப்போது உள்ளூர் கிளப் போட்டிகளிலும் பெயர் கொடுக்கிறான். ரெட் டாட் என்ற செம்புள்ளிக் குறிக் கண்ணாடி வாங்கியாயிற்று. அதைத் தாங்கும் மவுண்ட்டில்தான் குழப்பம். ஒரே கம்பெனி, ஒரே அலுமினியம், ஒரே விலை, உயரம் மட்டும் நாலு விதம். கடைக்காரரைக் கேட்டால் ஒரு எண், அவன் பார்க்கும் யூடியூப் பாடத்தில் இன்னொரு எண். டீயை ஊற்றிக்கொள், இது ஒரு வரியில் முடிகிற சமாச்சாரம் இல்லை என்றேன்.

முதலில் அந்த எண். துப்பாக்கியின் முதுகில் பல் பல்லாக வெட்டிய ஒரு தண்டவாளம் ஓடுகிறது இல்லையா, அதன் மேல்பரப்பிலிருந்து செம்புள்ளிக் கண்ணாடியின் நடு மையம் வரைக்குமான உயரம் அது. அங்குலத்தில் சொல்வார்கள். 1.42 என்றால் 36 மில்லிமீட்டர், 1.57 என்றால் 40, 1.93 என்றால் 49, 2.26 என்றால் 57. நாலு எண்களில் கடைசிக்கும் முதலுக்கும் வித்தியாசம் 21 மில்லிமீட்டர். நம் கணக்கில் ஒரு விரற்கடை, அவ்வளவுதான். இந்த ஒரு விரற்கடைக்காகத்தான் அமெரிக்காவில் ரேஞ்சுக்கு ரேஞ்சு சண்டை.

"உயரமா வச்சா குறி நல்லா விழுமா, தாழ்வா வச்சா விழுமா?" என்று கேட்டான். இரண்டுமில்லை. இதைப் புரிந்துகொள்ள ரெட் டாட் எப்படி வேலை செய்கிறது என்று பார்க்க வேண்டும். குழாய்க்குள் பின்பக்கம் ஓரத்தில் ஒரு சின்ன எல்இடி. அது முன்னால் இருக்கும் வளைந்த கண்ணாடியில் சிவப்பு ஒளியைப் பாய்ச்சுகிறது. அந்தக் கண்ணாடியின் பூச்சு சிவப்பை மட்டும் திருப்பி உன் கண்ணுக்கு அனுப்பிவிட்டு, மற்ற வெளிச்சத்தை வெளியிலிருந்து உள்ளே விடுகிறது. இரவுப் பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்தால் உள்ளே எரியும் விளக்கு வெளியே வயலில் மிதப்பது போல் தெரியுமே, அதே சங்கதிதான். ஒரே வித்தியாசம், இங்கே கண்ணாடியின் வளைவு அந்த ஒளிக் கதிர்களை ஒன்றுக்கொன்று இணையாக்கி அனுப்புவதால் புள்ளி வெகு தூரத்தில் இருப்பது போலத் தெரியும்.

கதிர்கள் இணையாக வருவதால், உன் கண் கண்ணாடியின் நடுவுக்கு நேராக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. கண் கொஞ்சம் மேலே போனால் புள்ளி கண்ணாடியின் மேல் ஓரத்துக்கு நகரும், கீழே வந்தால் கீழ் ஓரத்துக்கு நகரும். ஆனால் இலக்கின் மேல் அது உட்கார்ந்த இடம் ஏறக்குறைய மாறாது. ரொம்பக் கிட்டத்து இலக்கில் கொஞ்சம் பிசகும், அது பொருட்படுத்தத்தக்கதல்ல. ஆகவே புள்ளியைப் பொறுத்தவரை எந்த உயரமும் சம்மதம். உன் கழுத்துக்கு எது சம்மதம் என்பதுதான் கேள்வி.

அப்படியானால் கழுத்துக்கு ஏன் இவ்வளவு பாடு? பழைய வேட்டைத் துப்பாக்கிகளைப் பார்த்தால் பின்கட்டை குழலைவிடத் தாழ்ந்து சரிந்திருக்கும். தோள் கீழே, குழல் மேலே. கன்னத்தைக் கட்டையில் வைத்தால் கண் தானாகக் குழலுக்குச் சற்று மேலே வந்து நிற்கும். இரும்புக் குறிகள் தாழ்வாக இருந்தாலே போதும். ஆனால் அதில் ஒரு தொல்லை. வெடிக்கும்போது உதை குழலின் நேர்கோட்டில் வருகிறது, தோள் அந்தக் கோட்டுக்குக் கீழே இருக்கிறது. துப்பாக்கி மூக்கைத் தூக்கும்.

1950-களின் பின்பகுதியில் கலிஃபோர்னியாவின் ஆர்மலைட் கம்பெனியில் யூஜீன் ஸ்டோனர் இதற்கு வேறு வழி எடுத்தார். பின்கட்டையைக் குழலின் நேர்கோட்டிலேயே வைத்துவிட்டார். உதை நேராகத் தோளுக்குள் இறங்கும், மூக்கு அதிகம் தூக்காது. அவருக்கு முன்பே ஜெர்மானிய எஃப்ஜி 42 போன்ற துப்பாக்கிகள் இந்த வழியில் போனதுண்டு. ஆனால் கட்டை மேலே ஏறியதும் கன்னமும் கண்ணும் மேலே ஏறிவிட்டன, குறிகள் மட்டும் கீழே இருந்தால் எப்படி? அவற்றையும் தூக்க வேண்டியதாயிற்று. பழைய எம்16 படங்களில் முதுகில் சூட்கேஸ் கைப்பிடி மாதிரி ஒன்று இருக்குமே, பார்க்கிறவர்கள் தூக்கிக்கொண்டு போகத்தான் என்று நினைப்பார்கள். பின்குறியைத் தேவையான உயரத்தில் தாங்கி நிற்பதுதான் அதன் முக்கிய வேலை. ஸ்டோனரின் ஆரம்ப காலத்து ஏஆர்-10-இல் துப்பாக்கியை ஏற்றும் கொக்கியும் அந்தக் கைப்பிடிக்கு அடியில்தான் இருந்தது.

பிறகு தண்டவாளம் வந்தது. 1995-இல் அமெரிக்க ராணுவம் அதன் அளவுகளைத் தரப்படுத்தியது. நியூஜெர்சியிலுள்ள பிக்காட்டினி படைக்கலச் சாலையின் பெயரே அதற்கு நிலைத்துவிட்டது. கைப்பிடியைக் கழற்றி வைத்துவிட்டு அந்த இடத்தில் எதை வேண்டுமானாலும் பூட்டலாம். 1997-இல் அதே ராணுவம் சுவீடன் நாட்டு எய்ம்பாயின்ட்டின் ரெட் டாட்டை எம்68 என்ற பெயரில் எடுத்துக்கொண்டது. அப்போது புள்ளியை எந்த உயரத்தில் வைப்பது? ஏற்கெனவே இருக்கும் இரும்புக் குறிகளின் உயரத்தில் வைப்பதுதானே நியாயம். பேட்டரி தீர்ந்தாலும் அதே கண்ணாடி வழியாக முன்குறியைப் பார்த்துச் சுடலாம். அந்த உயரம்தான் 1.42. இதை முழு கோவிட்னஸ் என்பார்கள்.

இதில் ஒரு அசௌகரியம் உண்டு. மடங்காத முன்குறி உள்ள துப்பாக்கியில், கண்ணாடியின் நட்டநடுவில் அந்த இரும்பு முள் எப்போதும் நின்றுகொண்டே இருக்கும். புள்ளி அதன் உச்சியில் குந்தியிருக்கும். அதற்காகப் புள்ளியை ஒரு நூல் உயர்த்தினார்கள். இப்போது முள் கண்ணாடியின் கீழ் மூன்றில் ஒரு பங்கில் ஒதுங்கிவிடும், தேவைப்பட்டால் தலையைச் சற்றுத் தாழ்த்திப் பார்த்துக்கொள்ளலாம். அதுதான் 1.57. சில கம்பெனிகள் 1.6-ஐத் தாண்டியும் போகும். மடங்கும் குறிகள் வைத்திருப்பவர்களுக்கு இந்த இரண்டுக்கும் நடுவே பெரிய பேச்சில்லை.

ஆக 1.42-உம் 1.57-உம் இரும்புக் குறிக்கு மரியாதை கொடுத்து வந்த எண்கள். 1.93-உம் 2.26-உம் அப்படி வந்தவையல்ல. மார்பில் குண்டு துளைக்காத தகடு, தலையில் ஹெல்மெட், கண் முன்னால் இரவுப் பார்வைக் கருவி என்று ஒரு சிப்பாய் நிற்கிறான். அந்தக் கருவி கண்ணுக்கு முன்னால் நன்றாக நீட்டிக்கொண்டிருக்கும். அதோடு கன்னத்தைக் கட்டையில் அழுத்தி, தாழ்வான கண்ணாடிக்குள் பார்ப்பது நடக்கிற காரியமில்லை. தலை நிமிர்ந்தபடியே இருக்க, துப்பாக்கிக் கண்ணாடி அவன் கண்ணைத் தேடி மேலே வர வேண்டும். யூனிட்டி டாக்டிகல் கம்பெனியின் 2.26 இந்தத் தேவைக்குப் பிறந்தது. இப்போது 2.91 வரைக்கும் மவுண்ட் விற்கிறார்கள். பகலில் மட்டும் காகித அட்டை சுடுகிறவன் அதை வாங்கிப் பூட்டிக்கொண்டு நிற்பதைப் பார்த்தால், எனக்கு என்னவோ மழையில்லாத ஊரில் குடையோடு நடப்பவர் ஞாபகம்தான் வருகிறது. அவரவர் பணம், அவரவர் ஆசை.

"அப்ப உயரமா வச்சா என்ன நஷ்டம்? கழுத்து வலிக்காதுன்னா எல்லாரும் 2.26 வாங்கிட வேண்டியதுதானே?"

நல்ல கேள்வி. நஷ்டம் கிட்டத்தில்தான் தெரியும். தண்டவாளத்தின் மேல்பரப்பு குழலின் மையத்துக்கு மேலே ஏறத்தாழ 30 மில்லிமீட்டரில் இருக்கிறது. அதையும் கூட்டு. 1.42 மவுண்ட்டில் புள்ளி குழலுக்கு 66 மில்லிமீட்டர் மேலே, 2.26-இல் 87. கண் பார்க்கும் கோடு ஒன்று, குண்டு போகும் கோடு அதற்குக் கீழே வேறொன்று. இரண்டும் ஒரு தூரத்தில் சந்திக்கும்படி திருகி வைப்பதைத்தான் ஜீரோ பண்ணுவது என்கிறோம். நீ 50 கெஜத்தில் ஜீரோ பண்ணியிருக்கிறாய் என்று வை. 50 கெஜத்தில் புள்ளி வைத்த இடத்தில் ஓட்டை விழும். ஆனால் 7 கெஜத்தில் குண்டு இன்னும் மேலே ஏறி முடிக்கவில்லை. 1.42 என்றால் புள்ளிக்கு ஏறத்தாழ 55 மில்லிமீட்டர் கீழே விழும், 2.26 என்றால் 73 மில்லிமீட்டர் கீழே.

யுஎஸ்பிஎஸ்ஏ என்ற அமெரிக்கச் சங்கத்தின் போட்டி அட்டையின் மேல்பகுதியில் முழு மதிப்பெண் தரும் கட்டம் ஒன்று உண்டு. அகலம் 4 அங்குலம், உயரம் 2 அங்குலம்தான். 7 கெஜத்தில் நின்று அதன் மையத்தில் புள்ளியை வைத்து நிதானமாகச் சுட்டுப் பார். கை நடுங்கவே வேண்டாம், ஓட்டை கட்டத்துக்கு வெளியே கீழே விழும். கட்டத்தின் பாதி உயரம் ஓர் அங்குலம், அதாவது 25 மில்லிமீட்டர். உன் தாழ்வு அதைப்போல இரண்டு மடங்குக்கு மேல். அதற்குக் கீழே சுடக்கூடாத வெள்ளை அட்டையை ஒட்டி வைத்திருந்தார்கள் என்றால் முடிந்தது கதை, பத்து மதிப்பெண் போகும். எந்த மவுண்ட் வாங்கினாலும் கிட்டத்து இலக்கில் புள்ளியை மேலே தூக்கி வைக்கத்தான் வேண்டும். உயர்ந்த மவுண்ட் வாங்கினால் இன்னும் ஒரு விரற்கடை தூக்க வேண்டும். பழகிக்கொள்ளலாம். ஆனால் பழகாமல் போய் நிற்கக் கூடாது.

இதைவிட மோசமானது தடுப்புச் சுவர். போட்டியில் மரச் சட்டத்தில் ஜன்னல் மாதிரி ஓர் ஓட்டை வைத்து, அதன் வழியாகச் சுடச் சொல்வார்கள். நீ கண்ணாடி வழியாகப் பார்க்கிறாய். ஜன்னல் விளிம்புக்கு மேலே இலக்கு பளிச்சென்று தெரிகிறது, புள்ளியும் அதன் மேல் உட்கார்ந்திருக்கிறது. விசையை அழுத்துகிறாய், மரத்தூள் முகத்தில் தெறிக்கிறது. கண்ணுக்கு வழி இருந்தது, 2.26 மவுண்ட்டில் அதற்கு மூன்றரை அங்குலம் கீழே இருந்த குழலின் வாய்க்கு வழியில்லை. ரேஞ்சுகளில் பழைய மரச் சட்டங்களின் கீழ் விளிம்பைத் தடவிப் பார், வரிசையாக அரைவட்டச் சிராய்ப்புகள் இருக்கும். எல்லாம் இப்படி விழுந்தவைதான். மவுண்ட் உயர உயர இந்த இடைவெளி கூடும்.

தூரத்திலும் ஒரு விளைவு உண்டு, அது கெடுதல் என்று சொல்ல முடியாது. உயரத்திலிருந்து பார்க்கும் கோட்டைச் சந்திக்கக் குண்டு கொஞ்சம் செங்குத்தாக ஏற வேண்டியிருக்கிறது. அதனால் 50 கெஜத்தைத் தாண்டியதும் மேலேயே போய்க்கொண்டிருக்கும். 1.42-இலிருந்து 2.26-க்கு மாறினால் 100 கெஜத்தில் முன்பைவிட 21 மில்லிமீட்டர் மேலே, 200 கெஜத்தில் 63 மில்லிமீட்டர் மேலே. கணக்கு சுலபம்: 200 என்பது 50-ஐப் போல நாலு மடங்கு, அதில் ஆரம்ப வித்தியாசத்தைக் கழித்தால் மூன்று மடங்கு மிஞ்சும். கிளப் போட்டிக்காரன் இதற்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். மவுண்ட் மாற்றியபின் பழைய ஜீரோ செல்லாது என்பது மட்டும் நினைவிருந்தால் போதும்.

அடுத்தது கன்னம். நின்று சுடும்போது உயர்ந்த மவுண்ட் சுகம். தலை நேராக, இரண்டு கண்ணும் திறந்து, மைதானம் முழுக்கத் தெரியும். ஆனால் கன்னம் கட்டையில் பதியாது, தாடை மட்டும்தான் தொடும், சிலருக்கு அதுவும் தொடாது. வேகமாக ஓடி, நின்று, சுடுகிறவனுக்குப் புள்ளி எங்கே என்று தெரிந்தாலே போதும். குப்புறப் படுத்து 200 கெஜத்தில் பொறுமையாகச் சுடுகிறவனுக்கு அந்தக் கன்னப் பிடிப்பு வேண்டும். படுத்த நிலையில் தலையை இன்னும் தூக்கிப் பிடிக்க வைக்கும் மவுண்ட் சித்திரவதை. பெஞ்சில் உட்கார்ந்து சுடுவதுதான் உன் பெரும்பொழுது என்றால் 1.42-உம் 1.57-உம் பழசு என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு வா.

இதெல்லாம் ஏஆர்-15-க்கும் அதைப் போல நேர்க்கட்டை உள்ளவற்றுக்கும்தான். கட்டை சரிந்த வேட்டை ரைஃபிளிலோ ஷாட்கனிலோ ஏகே வகையிலோ இந்த எண்களைக் கொண்டுபோய் வைத்தால் தலை அந்தரத்தில் தொங்கும். அங்கே எவ்வளவு தாழ்வாக முடியுமோ அவ்வளவு தாழ்வு. இன்னொரு பக்கம், ஒலிம்பிக்கில் பத்து மீட்டர் ஏர் ரைஃபிள் சுடுகிறவர்களைக் கவனித்திருக்கிறாயா? அவர்களுக்கு ரெட் டாட் அனுமதி கிடையாது, துளை வழியாகப் பார்க்கும் குறிதான். ஆனாலும் குறிக்கு அடியில் சின்னக் கட்டை வைத்து உயர்த்திக்கொள்வார்கள், கன்னக் கட்டையையும் கூடவே ஏற்றிக்கொள்வார்கள். அவர்கள் கவலையும் இதே கழுத்துதான். தலை நிமிர்ந்தால்தான் உடம்பு ஆடாது.

சரி, உன் கழுத்துக்கு எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? துப்பாக்கியில் தோட்டா இல்லை என்று இரண்டு முறை பார்த்துவிட்டு, ரேஞ்சில் நிற்கும் அதே உடையில், பின்கட்டையை வழக்கமான நீளத்துக்கு இழுத்து வை. கண்ணை மூடிக்கொள். துப்பாக்கியைத் தோளில் கொண்டுபோய் உனக்கு இதமான இடத்தில் தலையை வை. குனியாதே, நீட்டாதே. அப்படியே இரு. பக்கவாட்டில் நாலைந்து அடி தள்ளி நின்று, கொஞ்சம் ஜூம் செய்து, தண்டவாளத்தின் மட்டத்தில் செல்போனை வைத்து ஒரு படம் எடுக்கச் சொல். குறி பார்க்கும் கண் தண்டவாளத்துக்கு நேர் மேலேதான் இருக்கும் என்பதால் படத்தில் அளவு ஏமாற்றாது.

இப்போது அந்தப் படத்தில் அளவுகோல் தேட வேண்டாம், தண்டவாளமே அளவுகோல். பிக்காட்டினி தண்டவாளத்தில் ஒரு பள்ளத்தின் மையத்துக்கும் அடுத்த பள்ளத்தின் மையத்துக்கும் இடைவெளி 10 மில்லிமீட்டர். எந்தக் கம்பெனி செய்தாலும் அதேதான். தண்டவாளத்தின் மேல்பரப்பிலிருந்து கண்ணின் பாவை வரை அப்படி எத்தனை பள்ள இடைவெளி என்று பார்த்தால் முடிந்தது. நாலு பள்ளம் வந்தால் 1.57. ஐந்துக்கு ஒட்டி வந்தால் 1.93. இவனுக்கு நாலரை வந்தது.

மவுண்ட் ஏற்கெனவே பூட்டியிருக்கும் துப்பாக்கி கையில் கிடைத்தால் சோதனை இன்னும் சுலபம். அதே மாதிரி கண்ணை மூடித் தூக்கி வைத்துத் திற. புள்ளி கண்ணாடியின் மேல் விளிம்பில் ஒட்டிக்கொண்டிருந்தாலோ மேலே மறைந்துவிட்டாலோ, உன் கண் அதைவிட உயரத்தில் இருக்கிறது, மவுண்ட் ஏற வேண்டும். கீழ் விளிம்பில் என்றால் மவுண்ட் உனக்கு அதிகம். ரேஞ்சில் பக்கத்து மேஜைக்காரரிடம் கேட்டால் யாரும் மறுக்கமாட்டார்கள். தன் மவுண்ட்டைப் பற்றிப் பேச அரை மணி நேரம் ஒதுக்காத மனிதரை நான் அங்கே இன்னும் பார்க்கவில்லை.

நாலரைக்கு 1.7 என்று ஓர் உயரமும் சந்தையில் உண்டு. ஆனால் இவனுக்கு 1.93 என்றேன். காரணம், இவன் போடும் மூக்குக் கண்ணாடி. தலையைக் குனிந்து பார்த்தால் கண் மூக்குக் கண்ணாடியின் மேல் ஓரத்தின் வழியாகப் பார்க்கும். சட்டம் குறுக்கே வரும், வில்லையின் ஓரத்தில் உருவம் கோணலாகும். தலை நிமிர நிமிர வில்லையின் நடுப்பகுதி கண்ணுக்கு நேரே வரும். இவன் நின்று சுடும் போட்டிக்காரன், படுத்துச் சுடுவது அபூர்வம். ஒருவேளை பெஞ்சுக்காரனாக இருந்திருந்தால் 1.57 என்றுதான் சொல்லியிருப்பேன், நாலரை வந்திருந்தாலும்.

"ஆனா அங்கிள், எனக்குப் புள்ளி வட்டமாவே தெரியலை. வால் முளைச்ச மாதிரி, கமா மாதிரி தெரியுது. அதுவும் உயரத்தாலதானா?"

இல்லை. அது பெரும்பாலும் கண்ணில் இருக்கும் அஸ்டிக்மேட்டிசம். போன் கேமராவைக் கண்ணாடியின் பின்னால் வைத்துப் படம் எடுத்துப் பார். அதில் புள்ளி வட்டமாக இருந்தால் கருவியில் கோளாறு இல்லை, கண் டாக்டரைப் பார்த்துப் பவரைச் சரி செய்ய வேண்டியதுதான். வெளிச்சத்தைக் கொஞ்சம் குறைத்து வைத்தாலும் வால் சுருங்கும். நிறையப் பேர் இதற்காக மவுண்ட்டை மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள்.

பின்னால் உருப்பெருக்கி வைக்கும் எண்ணம் இருந்தால் அதன் மவுண்ட்டும் இதே உயரத்தில் கிடைக்கிறதா என்று இப்போதே பார்த்துக்கொள், இரண்டும் ஒரே கோட்டில் இல்லாவிட்டால் பிரயோசனமில்லை. மவுண்ட்டைத் துப்பாக்கி உடலின் மேலிருக்கும் தண்டவாளத்தில்தான் பூட்ட வேண்டும். முன்கைப்பிடியின் தண்டவாளம் அழுத்தினால் அசையும், ஜீரோ அலையும். பூட்டும்போது மவுண்ட்டைப் பள்ளத்தில் வைத்து முன்பக்கமாகத் தள்ளிப் பிடித்துக்கொண்டு, கம்பெனி சொன்ன அளவுக்கு டார்க் ரெஞ்சால் முறுக்கு. கை வலுவில் முறுக்கி ஸ்க்ரூவின் தலையைத் தின்றுவிடாதே. திருகின் தலைமேல் ஒரு கோடு, அதே கோடு மவுண்ட்டின் மேலும் தொடரும்படி பெயின்ட் பேனாவால் இழுத்துவிடு. கோடு உடைந்து தெரிந்தால் திருகு தளர்ந்திருக்கிறது என்று அர்த்தம்.

பிறகு 50 கெஜத்தில் புதிதாக ஜீரோ. அதோடு பையைக் கட்டிவிடாதே. 5, 7, 10, 15, 25 கெஜத்தில் ஒரு சின்ன ஸ்டிக்கர் ஒட்டி, ஒவ்வொன்றிலும் புள்ளியை அதன் மேலேயே வைத்து மூன்று சுடு. ஓட்டைகள் எவ்வளவு தாழ்ந்து விழுகின்றன என்று அளந்து, ஐந்து எண்களையும் ஒரு வெள்ளை டேப்பில் எழுதிப் பின்கட்டையின் இடது பக்கத்தில், கண்ணுக்குப் படும்படி ஒட்டி வை.